மலை இறங்கும்போது போன் மணி அடித்தால்

அன்பு மகள் கஸ்தூரிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இதைத் தொடங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நேற்று சாயந்திரம்தான் கோலா தெர்லாவில் உன் வீட்டுக்கு வந்து, நீ போட்ட கோப்பியைக் குடித்து, உன்னைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான் கிளம்பும்போது நீ வாசல்வரை வந்து, "அன்னிக்கு நீங்க ஆபீஸ்ல என்னப்பா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாய். "சும்மாதாம்மா உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த உட்கார்ந்திருந்ததைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நேரில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். மண் சரிந்த அன்றைக்கு மலைக்குக் கீழே உங்கள் பக்கத்தில் நடந்ததை எல்லாம் மாப்பிள்ளை மோகன் எனக்குச் சொல்லிவிட்டார். மலைக்கு மேலே எங்கள் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து மோகன் புதுப் பூந்தோட்டத்தில் நிற்க, நீ ஒருத்தியாகவே ஈப்போவுக்குப் பூ வேனை ஓட்டிக்கொண்டு போகப் போகிறாய். அதற்கு முன்னால் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

நீ தமிழ்ப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்தத் தேயிலை எஸ்டேட்டில் போன் என்றால் ஆபீஸில் இருந்த அந்த ஒரு கறுப்புப் போன்தான். எண் சுழற்றுகிற அதன் வட்டத்தில் ஒரு சின்னப் பூட்டு தொங்கும். சாவி கிராணி சிவலிங்கத்தின் அரைஞாணில் இருக்கும். கணக்கு எழுதுகிற கிராணிக்கு அந்தப் போன்தான் பிள்ளைகுட்டி என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்வோம். தினமும் துணியால் துடைத்து வைப்பார். நாங்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. என் அப்பா செத்த சேதி சித்தியவானிலிருந்து அந்தப் போனில்தான் வந்தது. அதனால் ஆபீஸில் மணி அடித்தாலே உன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். நல்ல சேதி கடிதத்தில் வரும், கெட்ட சேதி போனில் வரும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நீ, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, வேனுக்குள்ளேயே ஒரு போனை வைத்துக்கொண்டு வந்து லயத்தின் முன்னால் நிறுத்தியபோது, உன் அம்மா வேனுக்குக் கிட்டவே வரவில்லை. ஞாபகம் இருக்கிறதா?

ஈப்போ பூக்கடை முதலாளி தன் பழைய காரிலிருந்து கழற்றி உங்கள் வேனில் பூட்டிக் கொடுத்த போன் அது. லோட் எப்போது வரும் என்று தெரியாமல் அவர் கோயில் ஆட்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார். சீட்டுக்கு அடியில் ஒரு கனத்த பெட்டி, கியருக்குப் பக்கத்தில் சுருட்டைக் கம்பியோடு ஒரு கைப்பிடி, கூரையில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு ஏரியல். நானும் வாலிபத்திலிருந்து கொழுந்து லோரி ஓட்டுகிறவன், ஆனாலும் அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. நீதான் இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தாய். ஒன்றாம் எண்ணை அமுக்கினால் பூக்கடை, இரண்டை அமுக்கினால் நம்ம எஸ்டேட் ஆபீஸ், மூன்றை அமுக்கினால் உங்கள் ஊர்க் கடைத்தெருக் கடை என்று பதிந்து வைத்தாய். கடைசியாக அடித்த எண்ணை மறுபடி அடிக்க ஒரே பட்டன், சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒன்று, பூட்டி வைக்க ரகசிய எண் ஒன்று. பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், அணைந்துவிட்டால் மலை மறைக்கிறது என்று அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

பூட்டின் அருமை உனக்கு மார்க்கெட்டில்தான் தெரிந்தது. நீங்கள் பூ இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மூட்டை தூக்குகிற பையன் ஒருவன் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, ஜொகூரில் இருக்கிற தன் காதலியோடு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருந்தானாம். அதிலிருந்து வேனை விட்டு இறங்கினால் போனைப் பூட்டாமல் நீ இறங்குவதில்லை. ஆனால் அதைவிட முக்கியமான இன்னொன்றும் நடந்தது. மோகன் பெருமைக்கு வேன் கதவில் போன் நம்பரைப் பெரிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். வியாபாரம் வரும் என்று நினைத்தார். வந்தது யாரோ ஒரு ஆள். மோகன் மலையடியில் தாப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் இறங்கிப் போயிருந்த சமயம் பார்த்து மணி அடித்து, "தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறான். நீ கொஞ்சமும் பதறாமல், "இல்லலா. பின்னாலேயே எங்கப்பா லோரியில வர்றாரு. பேசறீங்களா?" என்று கேட்டதும் வைத்துவிட்டான். அன்றைக்கு நான் மலைமேல் கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் நீ சொன்னதைக் கேட்டபோது, உன் பின்னால் நான் நிஜமாகவே லோரியில் வந்துகொண்டிருந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மறுவாரமே மோகன் அந்த நம்பரின் மேல் பெயின்ட் அடித்துவிட்டார். திங்கட்கிழமைக்குப் பிறகும் அப்படியே இருக்கட்டும். நம்பர் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும். நீ தனியாக இருக்கிறாயா, இப்போது எந்த இடத்தில் இருக்கிறாய் என்பதெல்லாம் குரல் தெரியாத யாருக்கும் சொல்ல வேண்டிய சமாச்சாரம் இல்லை.

இனி அன்றைக்கு நடந்தது. நாலைந்து நாளாக விடாத மழை. பகலில் நீயும் மோகனும் எஸ்டேட் முச்சந்தியைத் தாண்டும்போது வழக்கம்போல ஹார்ன் அடித்துவிட்டுப் போனீர்கள். நான் லோரி டயர் ஒட்டுவதற்காக ரிங்லெட் டவுனுக்குப் போனேன். டயர் கடையில் நின்றுகொண்டிருக்கும்போது, தாப்பாவுக்கு இறங்கிய பஸ் பாதியிலேயே திரும்பி வந்து நின்றது. கண்டக்டர் தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கினார்.

"கீழ மண்ணு சரிஞ்சிருச்சு அண்ணே. ஒரு எடத்துல இல்ல, ரெண்டு எடத்துல. நடுவுல ஒரு வேன் மாட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க."

"என்ன வேன்?"

"வெள்ளை வேன். பூ ஏத்திக்கிட்டுப் போற வேன் மாதிரி இருந்துச்சாம்."

டயர்க்கடைக்காரர் என் கையைப் பிடித்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நான் எப்படி லோரியை ஓட்டிக்கொண்டு எஸ்டேட் ஆபீஸுக்கு வந்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மண் சரிந்த இடத்துக்கே போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போலீஸ்காரர்கள் ரோட்டை மறித்து விட்டார்கள். தாப்பாவுக்கு இறங்க நமக்கு வேறு ரோடும் கிடையாது. அப்போதுதான் உன் வேனில் இருக்கிற போன் நினைப்பு வந்தது.

நான் நனைந்துபோய் உள்ளே நுழைந்த கோலத்தைப் பார்த்ததுமே கிராணி எழுந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, உன் நம்பரைச் சுழற்றி, கைப்பிடியை என் காதில் வைத்தார். ஒரு பெண் குரல் கேட்டது. முதலில் மலாயில், பிறகு இங்கிலீஷில். தொடர்பு கொள்ள முடியவில்லை, பிறகு முயற்சி செய்யுங்கள் என்று. எனக்கு அந்தக் குரல் யாரோ ஒரு எக்சேஞ்ச் பெண் என்றே பட்டது. நான் கெஞ்ச ஆரம்பித்துவிட்டேன். "அம்மா, அது என் மக, வேனுக்குள்ள இருக்கா. ஒரு தடவை மட்டும் லைன் குடுங்கம்மா" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அந்தக் குரல் நான் சொன்னதைக் காதில் வாங்காமல் திரும்பத் திரும்ப அதையே சொன்னது. இரக்கமே இல்லாத பொம்பளை என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிராணிதான் மெதுவாக என் தோளைத் தொட்டார். "அண்ணே, அது டேப்பு. மனுஷி இல்ல" என்றார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நீயும் சிரித்துக்கொள். அன்றைக்கு அந்த ஆபீஸில் சிரிக்க யாரும் இல்லை.

திரும்பவும் சுழற்றச் சொன்னேன். சுழற்றினார். அதே குரல். இன்னொரு தடவை என்றேன். அதற்கும் சுழற்றினார். அதற்குப் பிறகு நான் கேட்டபோது, அவர் கைப்பிடியை வாங்கி அதன் இடத்தில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து மேசைமேல் அழுத்திக்கொண்டார்.

"அண்ணே, நான் சொல்றத கேளுங்க. நாம இப்படி அடிச்சுக்கிட்டே இருந்தா இந்த லைன் பிஸியாவே இருக்கும். அந்தப் பிள்ளை அங்கேருந்து அடிச்சா நாம பேசிக்கிட்டிருக்கோம்னுதான் வரும். அது எப்படி உள்ள வரும்?"

"வராட்டி?"

"பச்சை வெளக்கு எரியற எடம் கெடைச்சா அது கண்டிப்பா அடிக்கும். உங்க மக. நீங்க இந்தப் போனை விட்டுட்டு உட்காருங்க."

அதைத்தான் நான் செய்தேன் கஸ்தூரி. போனிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டதற்கு அதுதான் பதில். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை பிரேக் பிடிக்காத லோரியை மலையில் இறக்கியிருக்கிறேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. எட்டும் தூரத்தில் போன் இருக்கிறது, பூட்டும் திறந்திருக்கிறது, ஆனாலும் எடுக்கக் கூடாது என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பகல்தான் என் ஆயுசிலேயே பெரிய பகல். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று கிராணி துடைக்கிற அந்தத் துணியை வாங்கி, அதை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டே இருந்தேன்.

நடுவில் ஒரு தடவை மணி அடித்தது. இரண்டு பேரும் பாய்ந்தோம். எடுத்தால், உரம் சம்பந்தமாக யாரோ ஒரு பெரிய ஆபீஸ்காரர். அத்தனை வருஷமாகப் பெரிய ஆபீஸ் என்றால் எழுந்து நின்று பேசுகிற நம்ம கிராணி, "சார், அவசரமா ஒரு போன் கோல் வரணும், லைனை விடுங்க" என்று வைத்துவிட்டார். மேனேஜர் துரை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "துரைக்கும் பொண்ணு இருக்கு" என்றார்.

அடுத்தாற்போல் இன்னொரு மணி. இதை நீ கவனமாகப் படி. கிராணி எடுத்தார். அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ஆமா, எஸ்டேட் ஆபீஸ்தான். நீங்க யாரு பேசறது? எங்கேருந்து பேசறீங்க? கண்ணால பார்த்தீங்களா? யாரு சொன்னா? சரி, அவரு பார்த்தாரா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் குரல் மாறவே இல்லை. நன்றி சொல்லி வைத்தார். "என்னங்க?" என்றேன். "டவுன்ல ஆளாளுக்குப் பேசிக்கிறாங்க. யாரும் பார்க்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆள் என்ன சொன்னான் என்பதை நீ பத்திரமாக வந்து சேர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். வேன் பள்ளத்துக்குள் போய்விட்டது, உள்ளே இருந்தவர்கள் பிழைக்கவில்லை, வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறான். கோப்பிக் கடையில் யாரோ சொன்னதை இன்னொருவர் சொல்ல, அதை இவன் போனில் சொல்லியிருக்கிறான். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. உதவி என்று நினைத்துக்கூடச் செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கைப்பிடியை நான் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார். அதனால் சொல்கிறேன், போனில் எவ்வளவு பெரிய சேதி வந்தாலும், யார் பேசுவது, எங்கிருந்து, நீங்களே பார்த்தீர்களா என்று கேட்காமல் நம்பாதே. என்னைப் பற்றி வந்தாலும் சரி, உன் அம்மாவைப் பற்றி வந்தாலும் சரி.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் யார் சொன்னார்களோ, உன் அம்மா மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் துணியோடு அப்படியே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். நான் எப்படிச் சொல்வது என்று திணறிக்கொண்டிருந்தேன், அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் அழவில்லை. நேரே கிராணி முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எங்ககிட்ட எதையாச்சும் மறைக்கிறீங்களா?"

"தெரிஞ்ச எதையும் மறைக்கலம்மா" என்றார் கிராணி. "இன்னும் எதுவும் தெரியல. போன் வரணும். அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கோம்."

உன் அம்மா அந்தப் பிளாஸ்டிக் துணியைக் கழற்றிப் போட்டாள். பிறகு எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மணிச்சத்தம் என்றாலே பயந்து நடுங்குகிறவள், அன்றைக்கு அந்தக் கறுப்புப் போனைப் பார்த்து, "அடிச்சுத் தொலையேன்" என்று திட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மோகன் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் திருத்திக்கொள். முன்னால் மண் விழுந்ததும் பிரேக் போட்டிருக்கிறாய். திரும்பிப் போகலாம் என்பதற்குள் பின்னால் சரிந்துவிட்டது. நடுவில் நீங்கள் இரண்டு பேரும், மோட்டார் சைக்கிளில் பெத்தாய்க் காய்க் கட்டுகளை வைத்துக்கொண்டு வந்த ஒரு பூர்வகுடிப் பெரியவரும். மரம் விழுந்து அவர் கால் முறிந்து, ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. பூப்பெட்டி அட்டையைக் கிழித்து வைத்துக் காலைக் கட்டி, பிளாஸ்டிக் துணியால் மூடி, அவரை வேனுக்குள் படுக்க வைத்திருக்கிறீர்கள். மோகன் பதற்றத்தில் விளக்குகளையும் துடைப்பானையும் போட்டுவிட்டுப் போனையே அமுக்கிக்கொண்டிருந்தாராம். பச்சை விளக்கு எரியவே இல்லை. இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தால் பேட்டரி இறங்கிப்போயிருக்கிறது. நீ அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு, வேனில் எரிகிற எல்லாவற்றையும் அணைத்திருக்கிறாய். "இருக்கிற கரண்டு போனுக்கு மட்டும்தான்" என்றாயாம். கீழே கொஞ்ச தூரத்தில் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கிற வளைவு ஒன்று இருக்கிறது, மலை மறைக்காது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. மோகனை முன்னால் நடந்து தரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, வேனை அங்குலம் அங்குலமாக உருட்டி இறக்கியிருக்கிறாய். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல் மாதிரி இருக்கும். இரண்டு காலையும் வைத்து மிதித்ததாக மோகன் சொன்னார். எனக்கு அதைக் கேட்கும்போதே முழங்கால் வலித்தது.

பச்சை விளக்கு எரிந்ததும் நீ முதலில் அவசர எண்ணுக்குத்தான் அடித்திருக்கிறாய். எனக்கு இல்லை. அதைக் கேட்டபோது மனசு ஒரு நொடி சுருங்கியது, அடுத்த நொடியே விரிந்துவிட்டது. ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்குத்தானே முதல் கோல். அங்கே இடத்தைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் லைன் விட்டு விட்டு வந்திருக்கிறது. அதனால்தான் அடுத்து இரண்டாம் எண்ணை அமுக்கினாய்.

மணி அடித்தது. கிராணி கையை நீட்டுவதற்குள் நான் எடுத்துவிட்டேன். ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து, "அப்பா" என்று கேட்டது. நான் என்ன செய்தேன்? "கஸ்தூரி! கஸ்தூரி! கஸ்தூரி!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். நீ என்னவோ சொல்ல வாயெடுக்கிறாய், நான் விடவில்லை. கடைசியில் நீ போட்டாய் பார் ஒரு அதட்டு.

"அப்பா! கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நான் சொல்றத கேளுங்க!"

பெற்ற அப்பனை அப்படி ஒரு பிள்ளை அதட்டினால் கோபம் வர வேண்டும். எனக்கு உயிர் வந்தது. செத்துக்கொண்டிருக்கிற பிள்ளை அப்படி அதட்டாது, அடிபட்டுக் கிடக்கிற பிள்ளைக்கு அந்தக் குரல் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடினேன். நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். "அருவிக்கு மேல, மூங்கில் காடு தாண்டி, பள்ளம் தெரியற வளைவு. ஒருத்தருக்குக் கால் முறிஞ்சிருக்கு, ரத்தம் போகுது. தாப்பா ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க. கீழேருந்துதான் வரணும், மேலேருந்து வர முடியாது. திருப்பிச் சொல்லுங்கப்பா." நான் திருப்பிச் சொன்னேன், கிராணி எழுதிக்கொண்டார். அதெல்லாம் முடிந்த பிறகுதான், "நானும் அவரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றாய்.

அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். கொடுத்தேன். அவள் கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். "அவ பேச மாட்டேங்கறாளே" என்று என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அதுவரை அழாதவள். கிராணி பதறிப்போய் அதைத் திருப்பி அவள் காதில் வைத்தார். நீ "அம்மா" என்றாயாம். அதோடு லைன் அறுந்துவிட்டது. அந்த ஒரு சொல்தான் அவளுக்குக் கிடைத்தது. "மறுபடி அடிக்கட்டுமா?" என்று கிராணி கேட்டார். "வேணாங்க ஐயா, அதுல கரண்டு கம்மியா இருக்கும். எனக்குப் போதும்" என்றாள். போனை விட்டுவிட வேண்டும் என்று எனக்குக் கிராணி சொல்லித் தெரிந்ததை அவள் தானாகவே தெரிந்து வைத்திருந்தாள்.

கிராணி உடனே தாப்பா ஆஸ்பத்திரிக்கு அடித்து, நீ சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னார். கீழேயிருந்து மண்ணை வெட்டிக்கொண்டு வந்தவர்கள், எந்த வளைவு என்று தேடாமல் நேரே வந்ததாக மோகன் சொன்னார். இருட்டுவதற்கு முன்னால் அந்தப் பெரியவரைத் தூக்கிக்கொண்டு, உங்களையும் கீழே கொண்டுபோய்விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காசு போடும் போனிலிருந்து, "வந்து சேர்ந்துட்டோம்பா" என்று நீ சொன்னபோது ஆபீஸில் நாங்கள் மூன்று பேரும் கிராணியின் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தோம். எங்கள் மூன்று பேருக்கும் அப்படி ஒரு பசி. பூவெல்லாம் இனி விற்காது என்று நீங்கள் செவ்வந்தி மொத்தத்தையும் வார்டுக்குக் கொடுத்துவிட்டீர்களாம். நர்ஸுகள் தண்ணீர் ஜாடி, வாளி, பிளாஸ்டிக் மக்கு என்று கிடைத்ததிலெல்லாம் வைத்து, அந்த வார்டே கல்யாண வீடு மாதிரி இருந்ததாம். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் தூக்கம் வராவிட்டால் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ரோடு திறந்த அன்றைக்கு நீங்கள் மேலே வந்தீர்கள். வேனை விட்டு இறங்கி என் முன்னால் நின்று, அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டாய். நான் டயரைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். இப்போது சொல்கிறேன். அதற்கெல்லாம் மன்னிப்பே வேண்டாம். இனியும் நான் கத்தினால் அதட்டு.

உனக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. இருந்தாலும் அப்பா என்று ஒருவன் இருந்தால் சொல்லாமல் விடமாட்டான். புறப்படுவதற்கு முன்னால் பேட்டரியைப் பார். இன்ஜின் நிற்கும்போது விளக்கையும் ரேடியோவையும் போட்டு வைக்காதே. இறங்கினால் பூட்டு. எந்தெந்த வளைவில் பச்சை விளக்கு எரிகிறது என்று ஓட்டும்போதே மனசில் குறித்துக்கொள், அது உனக்கே தெரியும். பெட்ரோல் ஊற்றும்போது பேசாதே. இடி இடிக்கும்போது ஏரியல் வைத்த வேனில் உட்கார்ந்து ஊர்க்கதை வேண்டாம். புதன்கிழமைகளில் கிராணி லீவு, ஆபீஸ் போனைச் சின்னக் கிராணி எடுப்பார், அவருக்குக் காது மந்தம், சத்தமாகப் பேசு. வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் நிறுத்து, போனைக் கொடு, ஆனால் நீயே அடித்துக் கொடு, கைப்பிடியை ஜன்னல் வழியாக நீட்டு, கதவைத் திறக்காதே.

ஒன்று மட்டும் கட்டாயம். மலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் மணி அடித்தால் எடுக்காதே. பூக்கடை முதலாளியாக இருக்கட்டும், மோகனாக இருக்கட்டும், நானாகவே இருக்கட்டும். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கண்ணை ரோட்டிலிருந்து எடுத்து, "என்னப்பா?" என்று நீ கேட்பதற்கு நான் எதையும் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை காலையில் எனக்குப் பொறுக்காது. கிராணியிடம் போய் நிற்பேன், அவர் சிரித்துக்கொண்டே பூட்டைத் திறப்பார், ஒரே ஒரு தடவை அடித்துப் பார்ப்பேன். அந்த டேப் பொம்பளை பேசினால், மலை மறைக்கிறது என்று தெரிந்துகொள்வேன். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காவிட்டால், என் மகள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு வளைவில் இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, லைனை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். நீ தாப்பாவில் வண்டியை ஓரம் கட்டு. ஒரு தேத்தண்ணி குடி. அப்புறமாக அடி.

உன் அப்பா